மணி அடிக்காத வெள்ளிக்கிழமை

எல்லாருக்கும் வணக்கம். இன்று பெரிய சனிக்கிழமை, ஏப்ரல் 4. காலை பதினொன்று தாண்டிவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிலைக்கதவில் ஒரு சின்ன ஓலைச் சிலுவை செருகியிருக்கிறது பாருங்கள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நேற்று பெரிய வெள்ளிக்கு நான் எதுவும் எடுக்கவில்லை. காலையிலேயே போனை அணைத்து பீரோவுக்குள் வைத்தவள், இன்று காலை எழுந்த பிறகுதான் வெளியே எடுத்தேன். அதனால் இந்த வீடியோவில் பூண்டிக் கூட்டமோ பவனியோ காட்டுவதற்கு இல்லை. நானும் அப்பாயியும், அதாவது என் அப்பாவின் அம்மாவும், நேற்று வீட்டில் அந்த நாளை எப்படிக் கழித்தோம் என்பதை உட்கார்ந்து சொல்லப் போகிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பூண்டி மாதா கோயில் இங்கிருந்து கிட்டத்தான். வீரமாமுனிவர் கட்டிய கோயில் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1999இல் அது பசிலிக்கா ஆனபோது நான் கைக்குழந்தை. விவரம் தெரிந்த நாளிலிருந்து பெரிய வெள்ளி என்றால் எனக்குப் பூண்டிதான். காலையில் நடந்தே போவது, வெயிலில் சிலுவைப்பாதை, மதியம் வழிபாடு, வரிசையில் நின்று சிலுவை முத்தி செய்வது, ராத்திரி கால் கடுக்க வீடு திரும்புவது.

இந்த வருஷம் போக முடியவில்லை. மாசி மாசம் அப்பாயி கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்து இப்போது ஐந்து வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலு எட்டு வைக்கிறார். வயது 83. சர்க்கரை வேறு இருக்கிறது. யாராவது ஒருவர் கூட இருக்கவேண்டும். அப்பாவும் அம்மாவும் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகட்டும், நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது மனசு கனமாகத்தான் இருந்தது. வீட்டில் இருந்தால் அது எப்படிப் பெரிய வெள்ளி ஆகும் என்று நினைத்தேன்.

மணியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. ஆனால் அப்பாயியின் நாள் கோயில் மணியில்தான் ஓடும். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு. திரிகால செபத்துக்குக் கோயில்பிள்ளை அடிக்கிற அந்த மணியைக் கேட்டதும் சிலுவை போட்டு செபம் சொல்வார், முடித்ததும் மாத்திரை. டாக்டர் மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்தபோதே அப்பாயி அதை மூன்று மணியோடு முடிச்சுப் போட்டுவிட்டார். ஆனால் பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது மணி அடிப்பதுதான் கடைசி. அதற்குப் பிறகு சனிக்கிழமை ராத்திரி அதே பாட்டு வரும் வரைக்கும் கோயில் மணி ஊமைதான். தேவைப்படும் இடத்தில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பீடத்துத் துணியையும் உருவிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாயி விழித்துப் படுத்தே இருந்தார். ஆறரை ஆகிவிட்டது. மாத்திரையைக் கொண்டுபோய் நீட்டினால், "இன்னும் மணி அடிக்கலையே பாப்பா" என்றார். அப்புறம் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நிலைக்கதவுல மூணு தட்டு தட்டு" என்றார். எங்கள் நிலைக்கதவு பழைய மரம், நல்ல கனம். முஷ்டியை மடக்கித் தட்டினேன். வீடு முழுக்க அதிர்ந்தது. அப்பாயி சிலுவை போட்டுக்கொண்டு மாத்திரையை வாங்கிக்கொண்டார். பன்னிரண்டுக்கும் தட்டினேன், சாயங்காலம் ஆறுக்கும் தட்டினேன்.

சாப்பாட்டில்தான் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு, இருக்கவேண்டும் என்று அப்பாயிக்குப் பிடிவாதம். திருச்சபையின் சட்டமே 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான் நோன்பு என்கிறது. முழுச் சாப்பாடு ஒரு வேளை, வேண்டுமானால் இரண்டு வேளை சிறிதளவு. இறைச்சி விலக்குவது 14 வயதிலிருந்து. நோயாளிக்கு நோன்பு கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருந்தால் சட்டென்று சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், இன்னொரு தடவை விழுந்தால் தாங்காது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்புடுறேன். ஆனா சும்மா இருக்க மாட்டேன்" என்று தலைமாட்டிலிருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "அலமாரி மேல வச்சிரு. நாளைக்கு ராத்திரி பூசை முடிஞ்சாத்தான் தொடுவேன்."

அப்பாயி வெற்றிலை சீவல் இல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டது வெற்றிலையைத்தான். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி மடிப்பதை ஒரு வேலையாகவே செய்வார். நேற்று நாள் முழுக்க அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது. ரெண்டு மூன்று தடவை கை தானாகத் தலைமாட்டுக்குப் போய்த் திரும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் பீரோவுக்குள் இருந்த போனை நான் மறந்தேன் என்று சொல்லவேண்டும். அதுவரைக்கும் என் கையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

கஞ்சி வைத்தேன். எங்கள் வயலில் தாளடி அறுத்த பிறகு விதைத்த பயறு, போன வாரம்தான் பறித்து வந்து களத்தில் காயவைத்து அடித்தது. கையில் அள்ளினால் இன்னும் வெயில் வாசம் அடிக்கிறது. பச்சரிசி நொய் ஒரு பங்கு, பயறு அரைப் பங்கு. பயறை வெறும் சட்டியில் லேசாக வறுத்துக்கொண்டு, கொஞ்சம் வெந்தயம், நாலு பல் பூண்டு சேர்த்துக் குழைய விட்டேன். பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு எங்கள் வீட்டில் தாளிப்பதில்லை, உப்பும் பாதிதான். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலே ஒரு சொம்பு மோர் நீட்டினார். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். இந்த வாரம்தான் அவர்களுக்குப் பங்குனி உத்திரம், காவடி எடுத்துவிட்டு வந்து காலில் கொப்புளத்தோடு இருந்தார்கள். நேற்று காலையிலிருந்து அவர்கள் வீட்டு டிவிச் சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களாகக் குறைத்துக்கொண்டது.

பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வருவதற்குக் காரணம் நிலாதான். மார்ச் 21க்கோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமியைக் கணக்கு வைத்து, அதற்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்புத் திருவிழா, அதற்கு முந்தின வெள்ளி பெரிய வெள்ளி. அதனால்தான் 2024இல் மார்ச் 29, போன வருஷம் ஏப்ரல் 18, இந்த வருஷம் ஏப்ரல் 3 என்று தேதி ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று முன்தினம்தான் பௌர்ணமி.

சரி, ஓலைச் சிலுவைக்கு வருகிறேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று அம்மா கொண்டுவந்த தென்னங்குருத்தில் அப்பாயி படுக்கையில் இருந்தபடியே சிலுவை மடித்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தால் சரியாக 14. கோயிலுக்குப் போக முடியாது என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். ஆண்டவரின் பாடுகளை 14 நிலைகளாகத் தியானிக்கிற சிலுவைப்பாதையை வீட்டிலேயே செய்வதற்கு ஏற்பாடு செய்துவிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நேற்று காலை பத்து மணிக்குத்தான் தலையணை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எங்க எங்க வைக்கணும்னு நான் சொல்றேன், நீ செருகிட்டு வா."

முதல் நிலை, பிலாத்து தீர்ப்பிடும் இடம், இந்தத் திண்ணை நிலைக்கதவு. தாத்தா இருந்தவரைக்கும் தெருவில் எந்த வழக்கு என்றாலும் இங்கேதான் உட்கார்ந்து பேசுவார்களாம். அதோடு எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் பல வருஷம் பிலாத்துவாக வேஷம் கட்டியவரும் தாத்தாதான். கை கழுவுகிற காட்சியில் ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கை நடுங்கும் என்று அப்பாயி சொன்னார். நான் அதைக் கேட்டதே இல்லை. ஊரடங்கு வருஷத்தைத் தவிர இத்தனை வருஷம் பெரிய வெள்ளிக்கு நான்தான் வீட்டில் இருந்ததில்லையே.

தாயைச் சந்திக்கிற நாலாம் நிலை அடுப்படி. அதுவரைக்கும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு என்கூடவே வந்தார். அதற்கு மேல் முடியவில்லை. பின்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கொல்லை முழுக்க அங்கிருந்து தெரியும். நான் ஒவ்வொரு இடமாகப் போய் முட்டி போட்டு வாசித்தேன். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று அப்பாயி அங்கிருந்து பதில் சொன்னார்.

ஐந்தாம் நிலை மாட்டுக்கொட்டகையில், மண்வெட்டி சாத்தியிருக்கிற தூண். சிரேன் ஊர் சீமோன். எனக்கு அவர் எப்போதும் உதவிக்கு வந்த நல்ல மனிதர், அவ்வளவுதான். அப்பாயி கேட்டார்: "அவன் எங்கேருந்து வந்தான்னு போட்டிருக்கு?" மாற்கு நற்செய்தியைப் புரட்டினேன். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார் என்று இருக்கிறது. வழியில் போனவரைப் பிடித்துச் சுமக்கக் கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். "வேலை முடிஞ்சு வர்றவனத்தானே புடிப்பாங்க. வீட்டுல புள்ளைங்க காத்திருக்கும்" என்றார். அந்தப் பிள்ளைகளின் பெயரையும் மாற்கு எழுதியிருக்கிறார், அலக்சாந்தர், ரூபு என்று. அப்பாயிக்கு அது தெரியாது, நான் வாசித்ததும் ரெண்டு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நடவுக்கும் களையெடுப்புக்கும் அந்தக் காலத்தில் எத்தனை பேரை எப்படி வேலை வாங்கினார்கள் என்று பார்த்தவர். அந்த வாக்கியத்தை அவர் கேட்ட மாதிரி நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

வெரோனிக்காவுக்குத் துணிக்கொடி. எருசலேம் பெண்களுக்கு அத்தை வீட்டு வேலியோரம். ஒன்பதாம் நிலை, மூன்றாம் தரம் விழுவது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். அங்கேதான் அப்பாயி விழுந்தார். அவரே கையைக் காட்டினார். நான் தயங்கினேன். "அங்கதான் வை" என்றார். வெரோனிக்கா துணி கொடுப்பதும், ஆண்டவர் மூன்று முறை விழுவதும் நற்செய்தியில் எழுதப்படவில்லை. மக்கள் செபித்துச் செபித்து வழிவழியாக வந்தவை. எழுதப்படாததை ஏன் சேர்த்தார்கள் என்று படிக்கிற காலத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் முட்டி போட்டுவிட்டு, நாற்காலியில் இருந்த அப்பாயியைத் திரும்பிப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி இல்லை.

ஆண்டவர் உயிர் விடுகிற பன்னிரண்டாம் நிலை அப்பாயியின் கட்டில் தலைமாடு. பதினான்காவது, கல்லறை. அதை உள்ளறையில் விதைநெல் மூட்டைக்கு மேல் வைக்கச் சொன்னார். ஆற்றில் இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். வழக்கம்போல ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவைக்கு அந்த மூட்டை அவிழும். ஏன் அங்கே என்று நான் கேட்கவில்லை. அப்பாயியும் சொல்லவில்லை.

மூன்று மணி. கோயில்களில் வழிபாடு தொடங்குகிற நேரம். வருஷத்தில் பூசை இல்லாத நாள் இது. நற்செய்தி வாசகம், உலகம் முழுவதற்குமான பத்துப் பெரிய மன்றாட்டுகள், சிலுவை ஆராதனை, வியாழக்கிழமை வைத்த நற்கருணை, அவ்வளவுதான். டிவியில் நேரலை போடட்டுமா என்று கேட்டேன். அப்பாயி வேண்டாம் என்றார். 2020இல், ஊரடங்கில், ஏப்ரல் 10 பெரிய வெள்ளிக்கு எல்லாரும் வீட்டில்தான் இருந்தோம். ஐந்து பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். நடுவில் நெட் போகும், யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள், முடிந்ததும் அணைத்துவிட்டோம். எழவே முடியாத நோயாளிகளுக்கு அந்த நேரலை பெரிய ஆறுதல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்களால் எழுந்து வாசிக்க முடியும். முடிகிறபோது பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

யோவான் நற்செய்தி, 18, 19ஆம் அதிகாரங்கள். கோயிலில் மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள், ஆண்டவர் ஒருவர், விளக்கம் சொல்பவர் ஒருவர், மற்றவர்களின் பேச்சுக்கு ஒருவர். மக்கள் கூட்டத்தின் வார்த்தைகளை சில இடங்களில் எல்லாருமே சேர்ந்து சொல்வோம். ஆயிரம் பேரோடு "அவனைச் சிலுவையில் அறையும்" என்று சொல்லும்போது அது என் வாயிலிருந்து வருகிறது என்றே தெரியாது. நேற்று நாங்கள் ரெண்டு பேர். மற்றதையெல்லாம் நான் வாசிக்க, கூட்டத்தின் வார்த்தை அப்பாயிக்கு. கண்ணாடி இல்லாமலே அவருக்கு மனப்பாடம். பரபாவை விடச் சொல்கிற இடம் வந்தது, சொன்னார். பிலாத்து திரும்பத் திரும்பக் கேட்கிற இடம் வந்தது. அந்த அமைதியான கூடத்தில், 83 வயசுக் குரலில், மெதுவாக, "ஒழிக ஒழிக... அவனைச் சிலுவையில் அறையும்" என்றார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நிறுத்திவிட்டுத் தொடர ரொம்ப நேரம் ஆனது.

ஆண்டவர் தலைசாய்த்து ஆவியை ஒப்படைத்தார் என்ற இடத்தில் எல்லாரும் முழந்தாளிடவேண்டும். நான் இறங்கினேன். அப்பாயியால் முடியாது. வலது கையை நீட்டித் தரையைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை. அந்தக் கையை என் தலைமேல் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. மணி இல்லை, போன் இல்லை. வெயிலில் ஓடு படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தரங்கம்பாடியில் எனக்கு ஒரு தோழி, லுத்தரன் சபை. 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம் இருக்கிற ஊர். அவர்கள் சபையில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். ‘தாகமாயிருக்கிறேன்’ என்ற வார்த்தை யோவானில் மட்டும்தான் வருகிறது என்று அவள்தான் ஒரு தடவை சொன்னாள். நேற்று அந்த இடத்தை வாசிக்கும்போது அவள் ஞாபகம் வந்தது. இன்று காலை போனைப் போட்டதும் முதலில் அவளிடம்தான் பேசினேன்.

சாயங்காலம் அம்மா கோயில் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். பெரிய அண்டாவில் வைத்து வழிபாடு முடிந்து எல்லாருக்கும் ஊற்றுகிற கஞ்சி. வீட்டில் நான் வைத்ததை விட அது தண்ணீர்தான், ஆனாலும் அப்பாயி ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

ராத்திரி எட்டரைக்கு மேல் தூம்பா பவனி. ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தைத் தூம்பாவில், அதாவது தோளில் தூக்குகிற பாடையில், வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கி வருவார்கள். அப்பாவும் நானும் அப்பாயியை நாற்காலியோடு தூக்கி வந்து இதோ இங்கே திண்ணையில் வைத்தோம். தெரு விளக்கை அணைத்துவிட்டார்கள். கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல் நிலா வந்திருந்தது. முதலில் மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் செருப்பில்லாத கால்களின் சத்தம், அப்புறம் மெழுகுதிரிகள். மேளம் இல்லை, வெடி இல்லை. தூக்கி வந்தவர்களில் பாதிப்பேர் அப்பாயி தூக்கி வளர்த்த பிள்ளைகள். எங்கள் வாசல் வந்ததும் யாரும் சொல்லாமலே நின்றார்கள். தூம்பாவைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தார்கள். காலையிலிருந்து வெற்றிலை மடிக்காத அந்தக் கையை நீட்டி அப்பாயி சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, விரலைத் தன் வாயில் ஒற்றிக்கொண்டார். பத்து விநாடி இருக்கும். அப்புறம் கட்டைச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு படுத்துவிட்டோம். இன்று அதை விடவும் அமைதியான நாள். பகலில் எந்த வழிபாடும் கிடையாது. ராத்திரிதான் நெருப்பு மந்திரித்து, பாஸ்கா திரி ஏற்றி, ‘உன்னதங்களிலே’ பாடி, ரெண்டு நாள் அடிக்காத மணியை அடிப்பார்கள். காற்று தெற்கிலிருந்து அடித்தால் எங்கள் கட்டில் வரைக்கும் கேட்கும். வெற்றிலைப் பெட்டி இன்னும் அலமாரி மேலேயே இருக்கிறது.

உள்ளே இருந்து அப்பாயி கூப்பிடுகிறார். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. நான் போய்க் கதவைத் தட்டவேண்டும்.